ஓர் எண் கற்பித்த பாடம்

சென்ற ஆண்டு நம் பள்ளியில் நடைபெற்ற அறிவியல் கண்காட்சியைக் கண்டவர்களுக்குக் கணித அறையின் வாயிலில் தொங்கிய பெரிய அட்டை நினைவிருக்கலாம். நீல மையில் 4294967297 என்ற எண்ணைக் கொட்டை எழுத்தில் எழுதி, அதன் கீழே சிவப்பு மையில் "இது ஒரு பகா எண்" என்று எழுதியிருந்தோம். எழுதியவர்கள் கணித மன்றத்தைச் சேர்ந்த நாங்கள். பார்த்தவர்கள் பலர் பாராட்டினார்கள். பெற்றோர் சிலர் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டும் போனார்கள்.

அந்த அட்டை சொன்னது தவறு. கண்காட்சி முடிந்து அட்டை பரண் ஏறிவிட்டது. ஆனால் தவறு பலருடைய குறிப்பேடுகளில் தங்கிவிட்டதே என்ற எண்ணம் எங்களை உறுத்திக்கொண்டே இருந்தது. ஆகவே அந்த எண்ணின் உண்மையான கதையை இம்மலரில் எழுதுகிறோம். ஒரு திருத்தமாகவே எழுதத் தொடங்கினோம். எழுத எழுத, நாங்கள் அட்டையில் எழுதியதைவிட உண்மை பன்மடங்கு சுவையானது என்று கண்டோம்.

எண் பிறந்த விதம்

1-ஆலும் தன்னாலும் அன்றி வேறு எந்த எண்ணாலும் மீதியின்றி வகுபடாத, 1-ஐவிடப் பெரிய எண்ணைப் பகா எண் என்கிறோம். 2, 3, 5, 7, 11 ஆகியவை பகா எண்கள். 15 அப்படியன்று, அது 3-ஆலும் 5-ஆலும் வகுபடும். அது பகு எண்.

இப்போது 2-ஐ எடுத்துக்கொள்வோம். கையிலுள்ள எண்ணை ஒவ்வொரு முறையும் அதே எண்ணால் பெருக்கிக்கொண்டு போவோம். 2, 4, 16, 256, 65536 என்று வரும். ஒவ்வொன்றோடும் 1-ஐக் கூட்டினால் 3, 5, 17, 257, 65537 கிடைக்கும். இந்த ஐந்தும் பகா எண்கள்! எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தி இதைத் தானாகவே கண்டுபிடித்துக் கரும்பலகையில் எழுதிக் காட்டிய நாளில் மன்றத்தில் எழுந்த கைதட்டலை நாங்கள் மறக்கவில்லை.

"அடுத்தது என்ன?" என்று கேட்டார் எங்கள் கணித ஆசிரியையான சிஸ்டர். 65536-ஐ 65536-ஆல் பெருக்கினோம். 4294967296 வந்தது. 1-ஐக் கூட்டினோம். 4294967297, அதாவது 429 கோடியே 49 இலட்சத்து 67 ஆயிரத்து 297. 2-ஐ 32 தடவை எழுதிப் பெருக்கி 1-ஐக் கூட்டினாலும் இதே எண்தான் வரும். இதைச் சுருக்கமாக 2³² + 1 என்று எழுதலாம்.

நாங்கள் செய்த பிழை

ஓர் எண் பகா எண்ணா என்று அறிய, அதன் வர்க்கமூலம் வரையிலுள்ள பகா எண்களால் அதை வகுத்துப் பார்த்தால் போதும். அதற்கு மேல் ஒரு காரணி இருந்தால், அதன் இணைக்காரணி வர்க்கமூலத்துக்குக் கீழே இருந்தே ஆக வேண்டும் அல்லவா? நம் எண்ணின் வர்க்கமூலம் 65536-ஐவிட ஒரு மயிரிழை அதிகம். அது வரையில் 6542 பகா எண்கள் உள்ளன.

மதிய இடைவேளைகளில் முறை வைத்துக்கொண்டு வகுத்தோம். 2, 3, 5, 7 என்று தொடங்கி, நூறாவது பகா எண்ணாகிய 541 வரை வந்தோம். எதனாலும் வகுபடவில்லை. கண்காட்சியோ நெருங்கிவிட்டது. "நூறு எண்களால் வகுபடாதது இனி எதனால் வகுபடப் போகிறது?" என்று எங்களுக்குள் பேசி முடித்து, அட்டையை எழுதிவிட்டோம்.

கண்காட்சியின் இரண்டாம் நாள் ஏழாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி அட்டையின் முன் நெடுநேரம் நின்றாள். "541-க்கு மேலே போகவில்லையா, அக்கா?" என்று கேட்டாள். "நூறு எண் போதாதாம்மா?" என்று சிரித்து அனுப்பிவிட்டோம். அடுத்த வாரம் அவள் ஒரு கணக்கு நோட்டுடன் வந்தாள். நாங்கள் விட்ட இடத்தில் தொடங்கி 547, 557, 563 என்று ஒவ்வொன்றாக வகுத்திருந்தாள். அவளுடைய பதினாறாவது வகுத்தலில் மீதி வரவில்லை. அந்த எண் 641.

மூன்று முறை சரிபார்த்தோம். ஐயமே இல்லை.

641 × 6700417 = 4294967297

நூறு படிகள் ஏறியவர்கள் இன்னும் பதினாறு படிகள் ஏறியிருந்தால் கண்டிருப்போம். ஆனால் எங்கள் பிழை பதினாறு படிகளில் இல்லை. "வகுக்கும் எண்ணை நாங்கள் காணவில்லை" என்று எழுத வேண்டிய இடத்தில் "வகுக்கும் எண்ணே இல்லை" என்று எழுதியதே பிழை. முன்னது எங்கள் உழைப்பைப் பற்றிய செய்தி. பின்னது எண்ணைப் பற்றிய செய்தி. இரண்டுக்கும் இடையே எவ்வளவு தொலைவு!

நமக்கு முன்னே ஒருவர்

வெட்கத்தோடு சிஸ்டரிடம் போனோம். அவர் கடிந்துகொள்ளவில்லை. "உங்களுக்கு முன்னே ஒரு பெரியவரும் இங்கேதான் சறுக்கினார். படித்துப் பாருங்கள்" என்றார். படித்தோம்.

அப்பெரியவர் பிரான்சு நாட்டின் துலூஸ் நகரில் நீதித்துறையில் பணியாற்றிய பியர் ஃபெர்மா. கணிதம் அவருக்கு ஓய்வு நேரப் பணி. ஆனாலும் எண்களைப் பற்றி அவர் கண்டறிந்தவை அக்காலத்தில் வேறு எவரும் காணாதவை. இன்றுள்ளவை போன்ற கணித இதழ்கள் அன்று இல்லை. அறிஞர்கள் கடிதங்கள் வழியாகவே கருத்துகளைப் பரிமாறிக்கொண்டார்கள். பாரிசில் மினிம் சபைத் துறவியாக வாழ்ந்த மரேன் மெர்சென் என்பவரின் அறை, ஐரோப்பிய அறிஞர்களுக்கு ஓர் அஞ்சல் நிலையம் போல விளங்கியது.

3, 5, 17, 257, 65537 என்று நாம் பார்த்த வரிசையை ஃபெர்மா 1640-இல் தம் நண்பர் ஒருவருக்கு எழுதினார். இவ்வரிசையில் வருவன எல்லாம் பகா எண்களே என்று தாம் நம்புவதாகக் கூறினார். ஆயினும் முழுமையான நிரூபணம் தம்மிடம் இல்லை என்பதை அவர் அக்கடிதத்தில் மறைக்கவில்லை. இதைப் படித்தபோது எங்கள் முகம் மேலும் சிவந்தது. ஃபெர்மா "நம்புகிறேன்" என்று எழுதினார். நாங்களோ சிவப்பு மையில் "இது" என்று எழுதினோம்.

ஏறத்தாழ தொண்ணூறு ஆண்டுகள் கடந்தன. 1729-இல் கோல்ட்பாக் என்ற அறிஞர், ஃபெர்மாவின் இக்கருத்தை லெனார்டு ஆய்லர் என்னும் இளைஞருக்குக் கடிதத்தில் எழுதிக் கேட்டார். ஆய்லர் சுவிட்சர்லாந்தில் பிறந்து, ரஷ்யாவின் பீட்டர்ஸ்பர்க் நகரக் கழகத்தில் பணியாற்றி வந்தவர். 1732-இல், தம் இருபத்தைந்தாம் வயதில், 4294967297 என்பது 641-ஆல் வகுபடும் என்று அவர் அறிவித்தார். ஃபெர்மாவின் நம்பிக்கை ஆறாவது எண்ணிலேயே உடைந்தது. ஐந்து எடுத்துக்காட்டுகள் கட்டிய வீட்டை ஒரே ஒரு மாற்று எடுத்துக்காட்டு இடித்துவிட்டது.

பின்னாளில், 1804-இல் அமெரிக்காவில் பிறந்த ஜெரா கோல்பர்ன் என்ற மனக்கணக்குச் சிறுவனை லண்டனில் இந்த எண்ணைக் கொண்டு சோதித்தார்கள். தாளும் எழுதுகோலும் இன்றியே அவன் 641 என்று விடை சொன்னானாம்!

குருட்டுத்தனமாக வகுக்க வேண்டுமா?

நாங்கள் 2, 3, 5 என்று வரிசையாக வகுத்தோம். ஆய்லர் அப்படிச் செய்யவில்லை. எந்தெந்த எண்கள் வகுக்கக்கூடும் என்று முதலில் சிந்தித்தார். அவர் சிந்தித்த வழியைச் சிறிய எண்களால் விளக்க முயல்கிறோம்.

2-ஐ இரட்டித்துக்கொண்டே போய், ஒவ்வொரு முறையும் 7-ஆல் வகுத்து மீதியை மட்டும் எழுதுங்கள். 2, 4, 1, 2, 4, 1 என்று மூன்று மூன்றாகச் சுற்றி வரும். 17-ஆல் வகுத்தால் 2, 4, 8, 16, 15, 13, 9, 1 என்று எட்டு எட்டாகச் சுற்றி வரும். 7-இலிருந்து 1-ஐக் கழித்தால் 6. அது 3-ஆல் வகுபடும். 17-இலிருந்து 1-ஐக் கழித்தால் 16. அது 8-ஆல் வகுபடும். 2-ஐத் தவிர எந்தப் பகா எண்ணை எடுத்தாலும், அதிலிருந்து 1-ஐக் கழித்தால் வருவது சுற்றின் நீளத்தால் மீதியின்றி வகுபடும். இது ஃபெர்மாவே 1640-இல் கூறிய ஒரு தேற்றத்திலிருந்து கிடைக்கும் உண்மை.

நம் எண்ணை ஒரு பகா எண் வகுக்கிறது என்று கொள்வோம். அப்படியானால் 2³² + 1-க்கு மீதி இல்லை. அதாவது 2³² என்பது அப்பகா எண்ணின் ஒரு மடங்குக்கு ஒன்று குறைவாக நிற்கிறது. ஆகவே 32-ஆம் படியில் சுற்று முடிவதில்லை. அதைப் போல் இரு மடங்கான 64-ஆம் படியில்தான் மீதி 1 வந்து சுற்று முடிகிறது. எனவே அப்பகா எண்ணிலிருந்து 1-ஐக் கழித்தால் வருவது 64-ஆல் வகுபட வேண்டும்.

அடடா, எவ்வளவு பெரிய சலுகை! 64-இன் மடங்குகளோடு 1-ஐக் கூட்டினால் 65, 129, 193, 257, 321, 385, 449, 513, 577, 641 என்று வரும். இவற்றில் பகா எண்கள் 193, 257, 449, 577, 641 ஆகிய ஐந்தே. நம் எண்ணை இவற்றால் வகுத்தால் மீதிகள் முறையே 109, 2, 325, 288, 0. ஐந்தாவது வகுத்தலில் விடை வந்துவிட்டது. நூறு வகுத்தும் காணாததை ஐந்தில் காணலாம். கை உழைப்பு வேண்டும். ஆனால் அதற்கு முன்னே சிந்தனை நடக்க வேண்டும்.

வகுக்காமலே ஒரு நிரூபணம்

நீண்ட வகுத்தல் இல்லாமலே 641 வகுக்கும் என்று காட்டலாம். எட்டாம் வகுப்புப் படித்தவர்கள் எளிதில் பின்பற்றலாம். தாளை எடுத்துக்கொள்ளுங்கள்.

641 என்பது 640 + 1. அது 625 + 16-உம் ஆகும். 625 = 5⁴; 16 = 2⁴. ஆகவே 2⁴ = 641 − 5⁴.

2³² என்பதை 2⁴ × 2²⁸ என்று பிரிக்கலாம். 2⁴ இருக்கும் இடத்தில் 641 − 5⁴ என்று எழுதினால்:

2³² = 641 × 2²⁸ − 5⁴ × 2²⁸

5⁴ × 2²⁸ என்பது (5 × 2⁷)⁴. 5 × 128 = 640. ஆகவே அது 640⁴. எனவே:

2³² + 1 = 641 × 2²⁸ − (640⁴ − 1)

முதல் உறுப்பு 641-ஆல் வகுபடும். இரண்டாம் உறுப்பாகிய 640⁴ − 1 என்பதை, நமக்குத் தெரிந்த வர்க்க வித்தியாச முற்றொருமையைக் கொண்டு (640² + 1) × (640 + 1) × (640 − 1) என்று எழுதலாம். நடுவில் நிற்கும் 640 + 1 என்பது 641 அல்லவா? ஆகவே இரண்டு உறுப்புகளும் 641-ஆல் வகுபடும்; நம் எண்ணும் வகுபடும். நிரூபணம் முடிந்தது.

மற்றொரு காரணியாகிய 6700417-ம் இதிலேயே கிடைக்கிறது. 2²⁸ என்பது 268435456. அதிலிருந்து 409601 × 639 = 261735039 என்பதைக் கழித்தால் 6700417.

இந்த 6700417 பகா எண்தானா? முன்பு சுட்டுக்கொண்டவர்கள் நாங்கள்; இம்முறை அவசரப்படவில்லை. அதன் வர்க்கமூலம் 2588-க்குச் சற்று மேல். ஆய்லரின் விதியைப் பின்னாளில் லூக்கா என்ற பிரெஞ்சுக் கணித அறிஞர் மேலும் கூர்மையாக்கினார். 64-க்குப் பதிலாக 128-இன் மடங்குகளோடு 1-ஐக் கூட்டினால் போதும் என்று காட்டினார். அவ்வகையில் 2588-க்குள் வரும் பகா எண்கள் 257, 641, 769, 1153, 1409 ஆகிய ஐந்தே. வகுத்தோம். மீதிகள் 170, 44, 120, 334, 622. ஒன்றும் வகுக்கவில்லை, விடுபட்டதும் ஒன்றுமில்லை. ஆகவே 6700417 பகா எண்ணே. இதை எந்த மையில் வேண்டுமானாலும் எழுதலாம்!

இரண்டு முகங்கள்

4-ஆல் வகுத்தால் 1 மீதி வரும் பகா எண் ஒவ்வொன்றையும் இரண்டு வர்க்கங்களின் கூடுதலாக ஒரே ஒரு வழியில் எழுதலாம். 13 = 2² + 3². 29 = 2² + 5². வேறு வழி கிடையாது. இந்த அழகிய உண்மையை ஃபெர்மா மெர்சென் அடிகளாருக்கு எழுதிய கடிதத்தின் நாள் 1640 டிசம்பர் 25, கிறிஸ்து பிறப்புத் திருநாள்.

65-ஐப் பாருங்கள். 8² + 1² = 65. 7² + 4² = 65. இரண்டு வழிகள்! ஆகவே 65 பகா எண் அன்று. நம் எண்ணும் அவ்வாறே இரண்டு முகங்கள் உடையது.

4294967297 = 65536² + 1²
4294967297 = 62264² + 20449²

இரண்டாம் வரியைக் காரணி எதுவும் தெரியாமலே பெருக்கிப் பார்த்துச் சரிபார்க்கலாம். அது ஒன்றே இந்த எண் பகு எண் என்று காட்டப் போதும். ஃபெர்மாவின் நம்பிக்கையை வீழ்த்திய கருவிகள் எல்லாம் ஃபெர்மாவின் பட்டறையிலேயே உருவானவை என்பது வியப்பு அல்லவா?

பக்கத்து வீட்டு எண்

நம் எண்ணிலிருந்து 2-ஐக் கழித்தால் 4294967295. சதுரங்கப் பலகையில் முதற்கட்டத்தில் ஒரு நெல், அடுத்ததில் இரண்டு, அதற்கடுத்ததில் நான்கு என்று வைத்துக்கொண்டு போகும் கதை நாம் அறிந்ததே. பலகையின் முதற்பாதி நிறையும்போது, 32 கட்டங்களிலும் உள்ள நெல்மணிகளின் கூடுதல் இந்த 4294967295 தான்.

அதைக் காரணிப்படுத்தினால் 3 × 5 × 17 × 257 × 65537. எங்கள் தோழி கரும்பலகையில் எழுதிய அதே ஐந்து பகா எண்கள்! 1796-இல், பத்தொன்பது வயதுகூட நிரம்பாத காஸ் என்ற ஜெர்மானிய இளைஞர், அளவுகோலும் கவராயமும் மட்டும் கொண்டு பதினேழு பக்க ஒழுங்குப் பலகோணத்தை வரைய முடியும் என்று கண்டார். ஒற்றைப்படை எண்ணிக்கையில் பக்கங்கள் கொண்ட ஒழுங்குப் பலகோணத்தை அவ்வாறு வரைய வேண்டுமானால், பக்கங்களின் எண்ணிக்கை இவ்வரிசையின் வெவ்வேறு பகா எண்களில் ஒன்றாகவோ அவற்றின் பெருக்கலாகவோ இருக்க வேண்டும். இன்று நாம் அறிந்தவற்றுள் மிகப் பெரிய எண்ணிக்கை இந்த 4294967295-ஏ. நம் எண் பகா எண்ணாக இருந்திருந்தால் அந்தப் பெருமை இன்னும் மேலே போயிருக்கும். 641 குறுக்கே நின்றுவிட்டது.

இவ்வரிசையின் அடுத்த எண் 18446744073709551617. அது 274177 × 67280421310721 என்பதை 1880-இல் லாந்த்ரி என்ற பிரெஞ்சுக்காரர் வெளியிட்டார். அதற்குப் பின் கணிப்பொறிகள் வந்தன. நம் எண்ணிலிருந்து தொடங்கி அடுத்தடுத்து ஆராயப்பட்ட இருபத்தெட்டு எண்களும் பகு எண்கள் என்றே தெரியவந்துள்ளன. எல்லாம் பகா எண்கள் என்று ஃபெர்மா நம்பிய வரிசையில், முதல் ஐந்துக்குப் பின் ஒன்றுகூட இதுவரை பகா எண்ணாகக் கிடைக்கவில்லை! இனியும் கிடைக்காது என்று சொல்லலாமா? சொல்லக்கூடாது. அதற்கும் நிரூபணம் இல்லை. நாங்கள் கற்ற பாடத்தை நாங்களே மறக்கலாமா?

தோழியரே, பார்த்த ஐந்து நன்றாக இருந்தால் ஆறாவதும் நன்றாக இருக்கும் என்று நம்புவது மனித இயல்பு. அந்த நம்பிக்கை இல்லாவிட்டால் எவரும் எதையும் தேடவே தொடங்கமாட்டார்கள். ஆனால் நம்புவதை நம்புவதாகச் சொல்ல வேண்டும்; அறிந்ததை மட்டுமே அறிந்ததாகச் சொல்ல வேண்டும். தேர்வுத்தாளில் மட்டுமன்று, ஒருவரைப் பற்றி மற்றொருவரிடம் பேசும்போதும் இது பொருந்தும்.

பரணிலிருந்து அந்த அட்டையை இறக்கியிருக்கிறோம். "இது ஒரு பகா எண்" என்ற சிவப்பு வரியை அழிக்கவில்லை. அதன் மேல் ஒரு கோடு மட்டும் இழுத்து, கீழே 641 × 6700417 என்று எழுதியிருக்கிறோம். எழுதியது நாங்கள் அல்லோம். நோட்டுடன் வந்த அந்தச் சிறுமியின் கையில் மையைக் கொடுத்து எழுதச் சொன்னோம். இவ்வாண்டுக் கண்காட்சியில் அதே வாயிலில் அதே அட்டை தொங்கும். சென்ற ஆண்டு குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு போனவர்கள் அன்புகூர்ந்து வந்து திருத்திக்கொள்ளுங்கள்.

கணித மன்ற மாணவியர்